மருந்து அடிக்கவில்லை என்றால், வேறு என்ன செய்தீர்கள்?

ஆர்கானிக் என்று எழுதிய பொருளை வாங்குவதாக இருந்தாலும் சரி, மாடியில் நாலு தொட்டி வைத்து வளர்ப்பதாக இருந்தாலும் சரி, முதலில் கேட்க வேண்டியது ஒரே கேள்விதான். யூரியா போடவில்லை, மருந்து அடிக்கவில்லை, சரி. அதற்குப் பதிலாக என்ன செய்தீர்கள்? விற்பவர் இதற்கு விவரமாகப் பதில் சொன்னால் தைரியமாக வாங்கலாம். உங்கள் தொட்டியைப் பற்றி நீங்களே பதில் சொல்ல முடிந்தால் உங்கள் தோட்டமும் ஆர்கானிக்தான்.

கொடுமுடிக்குப் பக்கத்தில் எங்கள் குடும்பத்துக்கு மஞ்சளும் காய்கறியும் விளையும் கொஞ்சம் நிலம் இருக்கிறது. விளைநிலத்தை எங்கள் பக்கம் காடு என்றுதான் சொல்வோம். அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்களோடு சேர்ந்து, விவசாயிகளே ஒருவர் நிலத்தை ஒருவர் பார்த்து ஆர்கானிக் என்று உறுதி சொல்லும் பி.ஜி.எஸ். குழுவில் இருக்கிறோம். பிள்ளைகள் படிப்புக்காக ஈரோட்டில் குடியிருக்கும் வீட்டில் மாடித்தோட்டமும் வைத்திருக்கிறேன். பருப்பு, எண்ணெய், சர்க்கரையெல்லாம் எல்லாரையும் போலக் கடையில் காசு கொடுத்துத்தான் வாங்குகிறேன். அதனால் விற்பவர் பக்கமும் வாங்குபவர் பக்கமும் எனக்குத் தெரியும்.

காட்டில் என்ன நடக்க வேண்டும்

எதைத் தொடக்கூடாது என்ற பட்டியலை எல்லாரும் ஒப்பிப்பார்கள்: ரசாயன உரம், ரசாயனப் பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி, மரபணு மாற்றிய விதை, சாக்கடைக் கசடில் செய்த உரம். இவற்றை நிறுத்திவிட்டுச் சும்மா இருந்தால் பயிர் வெளுத்துப் போய் நிற்கும். தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். நாங்கள் மஞ்சள் நடுவதற்கு முன் சணப்பையோ தக்கைப்பூண்டோ விதைத்து, பூவெடுக்கும் சமயத்தில் மடக்கி உழுதுவிடுவோம். அதன் வேர் முடிச்சில் இருக்கும் பாக்டீரியா காற்றில் உள்ள நைட்ரஜனைப் பிடித்து வைத்திருக்கும். அதோடு மக்கிய தொழு உரம், வேப்பம் புண்ணாக்கு. தானியம், பயறு, எண்ணெய் வித்து என்று கலந்து விதைத்து மடக்கி உழும் பலதானிய விதைப்பை, இயற்கை விவசாயத்தைப் பரப்பிய நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராகப் போய்ச் சொன்னார். அதையும் செய்கிறோம்.

பூச்சிக்கும் இதே கணக்குத்தான். வரப்பில் தட்டைப்பயறு விதைத்தால் அசுவினி முதலில் அதில் போய் உட்காரும். அசுவினியைத் தின்னப் பொறிவண்டு வரும். அந்தப் பொறிவண்டு அப்படியே காய்கறிச் செடிக்கும் காவலாகிவிடும். தக்காளிக்கு நடுவே செண்டுமல்லி வைத்தால் காய்ப்புழுவின் தாய்ப்பூச்சி அந்தப் பூவைத் தேடிப் போகும். போன வருடம் கத்தரி நின்ற இடத்தில் இந்த வருடம் தக்காளியோ மிளகாயோ வைக்கமாட்டோம். மூன்றும் ஒரே குடும்பம், மூன்றுக்கும் வருகிற வாடல் நோயும் ஒன்று. ஒரு காடு ஆர்கானிக்கா என்று கேட்டால் இத்தனையும் நடக்கிறதா என்றுதான் நான் பார்ப்பேன்.

ஆர்கானிக் சான்றுக்கான மத்திய அரசின் என்.பி.ஓ.பி. திட்டம் 2001இல் வந்தது. அதன்படி நெல், காய்கறி போன்ற ஒரு பருவப் பயிருக்கு, விதைப்பதற்கு முன் 2 வருடம் அந்த நிலம் ஆர்கானிக் முறையில் இருந்திருக்க வேண்டும். மா, தென்னை போன்றவற்றுக்கு முதல் அறுவடைக்கு முன் 3 வருடம். அதுவரை விளைவதை ‘மாற்றத்தில் உள்ளது’ என்றுதான் சொல்லலாம். பி.ஜி.எஸ். முறையில் அந்த நிலைக்கு ‘பி.ஜி.எஸ். கிரீன்’ என்றும், முழுதாகத் தேறியதற்கு ‘பி.ஜி.எஸ். ஆர்கானிக்’ என்றும் தனித்தனி முத்திரை. மாறுகிற வருடங்களில்தான் விளைச்சல் விழும், விலையும் கிடைக்காது. நிறையப் பேர் அந்த இடத்தில்தான் கைவிடுகிறார்கள். அதனால் கடையில் கிரீன் முத்திரையைப் பார்த்தால் ஒதுக்காதீர்கள், வாங்குங்கள்.

என்.பி.ஓ.பி. சான்றை வெளியாள் வந்து ஆய்வு செய்து கொடுப்பார். தமிழ்நாட்டில் கோயம்புத்தூரைத் தலைமையிடமாகக் கொண்டு அரசின் அங்ககச் (ஆர்கானிக்) சான்றளிப்புத் துறையே இருக்கிறது. ஏற்றுமதிக்கு இந்தச் சான்றுதான் வேண்டும். பி.ஜி.எஸ்.ஸில் குறைந்தது 5 விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து, உறுதிமொழி எடுத்து, ஒருவர் காட்டை மற்றவர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். பக்கத்துக்காட்டுக்காரர் எப்படி உண்மையைச் சொல்வார் என்று கேட்பார்கள். அவர் கண்ணுக்குத் தப்புவதுதான் கஷ்டம். மோட்டார் ரூமுக்குள் மூலையில் காலி டப்பா கிடக்கிறதா, ஸ்பிரேயரில் என்ன வாடை வருகிறது, வரப்பில் புல் கருகியிருக்கிறதா என்று நாங்கள் பார்ப்போம். ஒருவர் தப்பு செய்தால் குழு முழுவதின் பேரும் கெடும் என்பதால் யாரும் முகத்துக்காக விட்டுக்கொடுப்பதில்லை.

பக்கத்துக் காட்டில் அடிக்கும் மருந்து காற்றில் வரும். அதற்காக வேலியோரம் சோளமோ அகத்தியோ நெருக்கி வைத்து, அந்த ஓர வரிசையின் விளைச்சலை ஆர்கானிக் கணக்கில் சேர்க்காமல் விடுவோம். தண்ணீரும் அப்படித்தான். காலிங்கராயன் வாய்க்காலில் சாயக் கழிவும் தோல் கழிவும் கலந்த கதை எங்கள் பக்கம் எல்லாருக்கும் தெரியும். நம் காட்டில் ஒரு சொட்டு மருந்து விழாவிட்டாலும், பாயும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதற்கும் பதில் வைத்திருக்க வேண்டும்.

இன்னொன்று. ஆர்கானிக் விவசாயத்தில் மருந்தே கிடையாது என்பது சரியல்ல. வேப்பெண்ணெய், கந்தகம், புழுவைக் கொல்லும் பி.டி. பாக்டீரியா, கட்டுப்பாட்டோடு போர்டோ கலவை போன்ற தாமிர மருந்துகள் எல்லாம் விதிகளில் அனுமதிக்கப்பட்டவை. இதை மறைக்காமல் சொல்கிற விவசாயி எனக்குப் பிடித்தவர்.

கடையில் பார்க்க வேண்டியவை

பாக்கெட்டில் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 14 இலக்க எண் இருக்கும். அது உணவு வியாபாரத்துக்கான உரிமம். சிப்ஸ் பாக்கெட்டிலும் அதுதான் இருக்கும். அதைக் காட்டி “கவர்மெண்ட் நம்பர் இருக்குதுங்க” என்று சொன்னால் ஏமாறாதீர்கள். ஆர்கானிக்குக்கு அதே ஆணையம் 2017இல் தனி விதிகள் கொண்டுவந்தது, 2018 ஜூலையிலிருந்து நடைமுறை. அந்த விதிகள் பாக்கெட்டில் ‘ஜைவிக் பாரத்’ சின்னம் போடச் சொன்னன: பச்சை நிறம், வட்டம், இலை, டிக் குறி. அதோடு என்.பி.ஓ.பி.யின் ‘இந்தியா ஆர்கானிக்’ அல்லது பி.ஜி.எஸ். முத்திரை, சான்று எண். சான்று எண் இல்லாமல் ஆர்கானிக் என்று பெரிதாக மட்டும் அச்சடித்திருந்தால் எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.

சிறு விவசாயி தானே நேரடியாக விற்கும்போது அந்த விதிகளில் விலக்கு உண்டு. ஆனால் ஜைவிக் பாரத் சின்னத்தை அவர் போட முடியாது. ஆகவே சந்தையில் சின்னம் இல்லாமல் விற்பவரைப் பொய்யர் என்று நினைக்க வேண்டாம், அவரிடம் பேச வேண்டும். உழவர் சந்தையில் வாங்கினாலே ஆர்கானிக் என்று நினைப்பவர்களும் உண்டு. அங்கே விவசாயி நேரடியாக விற்கிறார், அவ்வளவுதான். எப்படி விளைவித்தார் என்பதை அங்கேயும் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

எப்படிப் பேசுவது? “மருந்து அடிச்சீங்களா?” என்று கேட்டால் யாரும் ஆமாம் என்று சொல்லமாட்டார்கள். “கத்தரிக்காயில் குருத்துப்புழு வந்தா என்னங்க பண்ணுவீங்க?”, “இதுக்கு முன்னாடி அந்தக் காட்டுல என்ன போட்டிருந்தீங்க?”, “எரு சொந்த மாடா, வெளியில வாங்குனதா?” என்று கேளுங்கள். உண்மையிலேயே செய்கிறவர் வாட்டமாகிப்போன நுனியைக் கிள்ளி எரிப்பதிலிருந்து ஆண் பூச்சியை இழுத்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறி வரை சொல்ல ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். “எல்லாம் நேச்சுரல்ங்க” என்று ஒரே வரியில் முடித்தால் பேச்சை விட்டுவிட்டு நகர்ந்துவிடலாம். எந்தக் காய் எப்போது வரும் என்பதையும் கவனியுங்கள். பன்னிரண்டு மாதமும் காலிஃபிளவர், பீன்ஸ், கேரட் என்று எல்லாம் ஒரே ஆள் ‘சொந்தத் தோட்டத்து’ ஆர்கானிக்காக வைத்திருந்தால் அவர் மொத்த மார்க்கெட்டில் வாங்கி வருகிறார் என்று அர்த்தம்.

ஆர்கானிக் கடை என்று பேர் வைத்த இடத்தில் இருப்பதெல்லாம் ஆர்கானிக் இல்லை. மரச்செக்கு எண்ணெய் என்பது ஆட்டிய விதம். ஆட்டிய கடலை எப்படி விளைந்தது என்பது வேறு. மாப்பிள்ளைச் சம்பா, கருப்பு கவுனி எல்லாம் நெல் ரகத்தின் பேர். நெல் ஜெயராமன் போன்றவர்கள் உயிரைக் கொடுத்து மீட்ட ரகங்கள் அவை, வாங்க வேண்டியவைதான், ஆனால் ரகம் பழையது என்பதற்காக ரசாயனம் படவில்லை என்று ஆகாது. நாட்டுக்கோழி முட்டை, கைக்குத்தல் அரிசி, கருப்பட்டி எல்லாவற்றுக்கும் இதே பதில். உப்பு விளைபொருளே இல்லை. ஆர்கானிக் பொருளில் சேர்மான விகிதம் கணக்கிடும்போது உப்பையும் தண்ணீரையும் சேர்ப்பதே கிடையாது. ‘ஆர்கானிக் உப்பு’ என்று கூடுதல் விலை கொடுக்க வேண்டாம். ‘மரபணு மாற்றாத வெண்டைக்காய்’ என்று போட்டாலும் அப்படித்தான். இந்தியாவில் வியாபார ரீதியாகப் பயிரிட அனுமதி பெற்ற மரபணு மாற்றுப் பயிர் பி.டி. பருத்தி மட்டும்தான், 2002இல். பி.டி. கத்தரிக்கு 2010இல் தடை போட்டார்கள், அது இன்னும் நீங்கவில்லை.

வெல்லம் வாங்கும்போது மட்டும் நிறத்தைப் பாருங்கள். பளீரென்று மஞ்சளாக இருந்தால் வெளுக்க ஹைட்ரோஸ் என்ற ரசாயனம் போட்டிருக்க வாய்ப்பு அதிகம். கரும்பு எவ்வளவு நன்றாக விளைந்தாலும் கொப்பரையில் ஹைட்ரோஸைக் கொட்டிவிட்டால் முடிந்தது. ஆர்கானிக் விதிகள் அறுவடைக்குப் பிறகும் தொடர்வது இதனால்தான். குடோனில் பருப்புக்கு நடுவே வண்டு மாத்திரை வைத்தாலும் சான்று போய்விடும். செம்மண் கட்டிக் காயவைத்த துவரை, வேப்பிலையோ நொச்சியிலையோ போட்டு வைத்த பயறு என்று பழைய வழிகள் இருக்கின்றன. ஆனால் வண்டு விழுந்த அரிசியும் சொத்தைக் கத்தரியும் ஆர்கானிக்குக்குச் சாட்சி என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். வாரம் தவறாமல் மருந்தடிக்கும் காட்டுக் கத்தரியிலும் காய்ப்புழு இருக்கிறது. அது மருந்துக்குப் பழகிவிட்டது.

கூடுதல் சத்து இருக்கிறது என்பதற்காக ஆர்கானிக் வாங்குங்கள் என்று நான் சொல்லமாட்டேன். மருந்தின் எச்சம் குறைவு என்பதற்காக வாங்குங்கள். சாதாரணப் பொருளுக்கு அனுமதித்த பூச்சிக்கொல்லி அளவில் 5 சதவீதம் அல்லது கருவி அளக்கக்கூடிய குறைந்த அளவு, இரண்டில் எது கூடுதலோ அதுதான் ஆர்கானிக்குக்கு உச்சவரம்பு. மருந்தடித்த காட்டில் வெறுங்கையோடு காய் பறிக்கும் பெண்களுக்காகவும் வாங்குங்கள். எங்கள் ஊரில் மிளகாய்க் காட்டுக்குப் போய்வந்த இரவு கண் எரிச்சலோடு படுப்பவர்களை எனக்குத் தெரியும்.

எல்லாவற்றையும் ஆர்கானிக்காக வாங்க எல்லாராலும் முடியாது. கையில் இருப்பதை எங்கே செலவழிப்பது? அதிகம் அடிக்கப்படும் காய்களில். காலிஃபிளவர், கத்தரி, வெண்டை, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, திராட்சை. கத்தரியும் வெண்டையும் சில நாளுக்கொரு முறை பறிப்பு. மருந்தடித்தபின் காத்திருக்க வேண்டிய நாள் முடிவதற்குள் அடுத்த பறிப்பு வந்துவிடும். முருங்கை இலை, வாழைத்தண்டு, சேனை, தேங்காய், புளி, அகத்திக்கீரை, மணத்தக்காளி இவற்றுக்கு மருந்து குறைவுதான், சாதாரணக் கடையிலேயே வாங்கிக்கொள்ளலாம்.

மாடியில்

கறிவேப்பிலை, மிளகாய், கொத்தமல்லி, புதினா, வெண்டை: மாடியில் தொடங்க இவை போதும். அதிகம் மருந்து படுகிற காய்கள் என்று மேலே சொன்னவற்றில் பாதி இங்கேயே வந்துவிடும்.

மண் கலவைக்குச் செம்மண், தென்னை நார்க்கழிவு, மக்கிய உரம் மூன்றும் சம பங்கு. நார்க்கழிவில் உப்பு இருக்கும், இரண்டு மூன்று முறை தண்ணீர் மாற்றி அலசிப் போடுங்கள். அதில் சத்து கிட்டத்தட்டக் கிடையாது, ஈரம் பிடிக்கத்தான். நார்க்கழிவு மட்டும் நிரப்பிய பையில் செடி வளரவில்லை என்று கடைசியில் டி.ஏ.பி. என்ற ரசாயன உரக் குருணை போடுகிறவர்கள் நிறைய. பிரச்சினை தொடங்கிய இடம் கலவைதான்.

எருவில்தான் அதிக கவனம் வேண்டும். பச்சைச் சாணியும் பாதி மக்கிய எருவும் வேரைச் சுடும், காண்டாமிருக வண்டின் வெள்ளைப் புழுவையும் கூட்டி வரும். நன்றாக மக்கியதை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு கைப்பிடி எடுத்து நனைத்து, பிளாஸ்டிக் கவரில் காற்றுப் புகாமல் கட்டி ஒரு வாரம் வையுங்கள். பிரித்தால் மழை பெய்த மண் வாசனை வர வேண்டும். நாற்றமடித்தால் இன்னும் மக்கவில்லை, குவித்து ஈரமாக்கி இன்னும் ஒரு மாதம் விடுங்கள். எருவோடு சூடோமோனாஸ், டிரைக்கோடெர்மா, அசோஸ்பைரில்லம் போன்ற நன்மை செய்யும் நுண்ணுயிர்களைக் கலந்து போடலாம். வேளாண் பல்கலைக்கழகத்திலும் வட்டார வேளாண் விரிவாக்க மையங்களிலும் கிடைக்கும். தேதி பார்த்து வாங்குங்கள், பழசாகிவிட்டால் வெறும் மாவுதான்.

எங்கள் கொடுமுடி மருத்துவர் நடராசன் பரப்பிய பஞ்சகவ்யம் இன்று தமிழ்நாடெங்கும் போய்விட்டது. லிட்டருக்கு 30 மி.லி. கலந்து தெளித்தால் செடி தெளிவதைக் கண்ணால் பார்க்கலாம். ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அதில் சாணியும் கோமியமும் இருக்கின்றன. பச்சையாகத் தின்னும் கொத்தமல்லி, புதினா, தக்காளி மேல் பறிக்கும் சமயத்தில் அதைத் தெளிக்காதீர்கள், அப்போது வேரில் மட்டும் ஊற்றுங்கள். மண்ணைத் தொட்டு வளரும் பயிருக்கு மக்காத எரு போட்டால் அறுவடைக்கு 120 நாள் இடைவெளி வேண்டும் என்று அமெரிக்க ஆர்கானிக் விதி சொல்கிறது, மற்றவற்றுக்கு 90 நாள். ஆர்கானிக் காய்தானே என்று கழுவாமல் சாப்பிடுவது இன்னும் பெரிய ஆபத்து.

பூச்சிக்கு மருந்து கலக்குவதற்கு முன் கை வேலை. மாவுப்பூச்சி என்றால் குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி விரட்டுங்கள், மோசமான கிளையை வெட்டிவிடுங்கள், எறும்பு ஏறுகிறதா பாருங்கள். மாவுப்பூச்சி விடும் இனிப்புநீருக்காக எறும்பே அதைச் செடி செடியாகப் பரப்பும். வெள்ளை ஈக்கு மஞ்சள் ஒட்டுப்பொறி. அதற்கும் அடங்காவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மி.லி. வேப்பெண்ணெய். முதலில் எண்ணெயைக் காதி சோப்புக் கரைசலில் பால்போல் கலங்கும்வரை அடித்துவிட்டு அப்புறம் தண்ணீர் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் எண்ணெய் மிதந்து இலை கருகும். வெயில் தாழ்ந்த பிறகு, இலையின் அடிப்பக்கம் படும்படி அடியுங்கள். வேப்பங்கொட்டை கிடைத்தால் இன்னும் நல்லது: பருப்பை இடித்து லிட்டருக்கு 50 கிராம் ஓர் இரவு ஊறவைத்து வடிகட்டி அன்றே தெளிக்க வேண்டும்.

கடைப் பாட்டிலில் ஆர்கானிக் பூச்சிமருந்து என்று பச்சை இலை படம் போட்டிருக்கும். வேம்பு மருந்து என்றால் வேம்பின் மருந்துச் சத்தான அசாடிராக்டின் எத்தனை பி.பி.எம். (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) என்று இருக்க வேண்டும், 300, 1500, 10000 என்பது போல. மத்தியப் பூச்சிக்கொல்லி வாரியத்தின் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்றே எழுதாமல் ‘ஒரே நாளில் பலன்’ என்று போட்டிருந்தால் உள்ளே ரசாயனம் கலந்திருக்கலாம். அதைத் தொடவே வேண்டாம்.

புகையிலைக் கஷாயத்தையும் விட்டுவிடுங்கள். செடியிலிருந்து வந்ததாக இருந்தாலும் நிகோடின் கடும் விஷம், தோல் வழியாகவே உடம்பில் ஏறும். அமெரிக்க ஆர்கானிக் விதிகளில் புகையிலைத் தூளுக்குப் பெயர் சொல்லியே தடை இருக்கிறது. தக்காளிக்கும் மிளகாய்க்கும் தேமல் நோயை ஒட்டவைக்கவும் புகையிலை வழி செய்யும்.

விதையில் ரோஸ் நிறப் பொடி பூசியிருந்தால் அது பூஞ்சைக்கொல்லி, நேர்த்தி செய்யாத விதை கேளுங்கள். வீரிய ஒட்டு ரகம் ஆர்கானிக்கில் தடையில்லை, ஆனால் அடுத்த முறை விதை எடுத்தால் தாய்ச்செடி மாதிரி வராது என்பதால் நான் நாட்டு ரகமே வைக்கிறேன். நர்சரியில் வாங்கிய நாற்றில் என்ன தெளித்திருக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியாது. மிளகாய், தக்காளி நாற்றை நீங்களே விடுங்கள், ஒரு பழைய தட்டு போதும். கறிவேப்பிலைச் செடியை மட்டும் நர்சரியில் வாங்கிக்கொள்ளலாம். வைத்ததும் இருக்கும் இலையை உருவிவிட்டு, புதுத் துளிர் வந்து முற்றிய பிறகு குழம்புக்குப் பறிக்க ஆரம்பியுங்கள்.